பாலம் வரும்வரை எதில் போவது? குறிஞ்சாக்கேணியும் மக்கள் பிரதிநிதியின் வேலையும்

திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் களப்பைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்றுதான் பெயர். வெளியூர்க்காரர் கேட்டால் குழம்பிப்போவார். தரையில் கிடப்பது றோட்டு, தண்ணீரில் மிதப்பது பாதை. 'பாதை அக்கரையில நிக்குது', 'பாதை வரட்டும், பொறு' என்று கரையில் நின்று பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையில் பாதை என்று வரும் இடமெல்லாம் அந்த மிதவையையே குறிக்கிறது.

2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் களப்பில் காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும் வேளை. இருபதுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பாதை நடுவில் கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். கரையில் நின்றவர்கள் குதித்தார்கள், அக்கம்பக்கத்துத் தோணிகள் விரைந்தன, கடற்படைச் சுழியோடிகள் வந்து சேர்ந்தார்கள். மீட்கப்பட்டவர்களைக் கிண்ணியா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அன்றே ஆறு உயிர்கள் போயின. அடுத்த நாட்களில் அந்த எண்ணிக்கை கூடியது. இறந்தவர்களில் பிள்ளைகளே அதிகம்.

அந்தப் பாதை ஏன் ஓடியது என்பதற்கு விடை எளிது. களப்பின் மேல் புதிய பாலம் கட்டும் வேலை 2021இல் நடந்துகொண்டிருந்தது. அதற்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. சுற்றிப்போகத் தரைவழி உண்டு, ஆனால் நேரமும் செலவும் அதிகம். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தை, அலுவலகம் எல்லாம் ஒரு கரையில், வீடு மறு கரையில் என்றால் மனிதர்கள் குறுக்கு வழியைத்தான் தேடுவார்கள். காசு வாங்கி ஏற்றிச்செல்ல ஒரு பாதை வந்தது. அதற்கு அனுமதி கொடுத்தது கிண்ணியா நகர சபை.

இந்த நிகழ்வை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுத அல்ல. அது நீதிமன்றத்தின் வேலை. மக்கள் வாக்குப்போட்டு அனுப்பும் ஒருவர், பாராளுமன்ற உறுப்பினரோ மாகாண சபை உறுப்பினரோ, பொதுமக்களின் பாதுகாப்பு என்ற விடயத்தில் உண்மையில் என்ன செய்ய முடியும், எந்த நேரத்தில் செய்ய முடியும் என்பதைப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 22க்கும் 23க்கும் இடையில்

ஒரு திகதியைக் கவனியுங்கள். கொரோனாவால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பாடசாலைகள் 2021 ஒக்டோபரில் படிப்படியாகத் திறக்கத் தொடங்கின. முதலில் ஆரம்ப வகுப்புகள், பிறகு மேல் வகுப்புகள். 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கடைசியாக அழைக்கப்பட்டது நவம்பர் 22ஆம் திகதி, திங்கட்கிழமை. பாதை கவிழ்ந்தது மறுநாள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என் சொந்த ஊகம்தான். ஆனாலும் வலுவான ஊகம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வீட்டிலிருந்த மாதங்களில் காலை ஏழரை மணிக்கு அந்தத் துறையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? எல்லா வகுப்பும் திறந்தபின் எத்தனை பேர்? கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று களப்பில் மிதக்கும் ஒரு பலகையின் பாரத்தை ஒரே நாளில் கூட்டிவிடுகிறது. கொழும்பில் சுற்றறிக்கை எழுதுகிறவருக்கு அந்தப் பலகை தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர், இரண்டு இடத்தையும் கால்நடையாக அறிந்தவர், அந்த ஊரின் பிரதிநிதி.

நவம்பர் மாதம் இங்கே வடகீழ்ப் பருவமழைக் காலமும்கூட. களப்பில் நீர் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட மிதவைகள் பொதுவாகச் சில மிதப்புகளை இணைத்து மேலே தட்டுப் போட்டவை. ஆட்கள் உட்காருவதில்லை, நிற்பார்கள். பாரம் முழுவதும் மேலே நிற்கும். ஒரு பக்கம் சற்றுச் சரிந்தால் பயத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நகர்வார்கள். அந்த நகர்வே மிச்சத்தைச் செய்துவிடும். மிதப்புக்குள் நீர் கசிந்திருந்தால் இன்னும் விரைவில். இதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை, தோணிக்காரர் எவரும் சொல்வார். எத்தனை பேர் என்ற எல்லை, உட்கார இருக்கை, உயிர்காப்பு அங்கி, மாதம் ஒருமுறை சோதனை. கேட்டால் பெரிய செலவாகத் தெரியாத நான்கு விடயங்கள்தான்.

பாதைகளின் மாவட்டம்

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான ஏ15 வீதி, வீதி என்ற பெயரோடு நெடுங்காலம் அறுந்து அறுந்து கிடந்தது. கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாறில் ஒன்று, கங்கையில் ஒன்று, இறால்குழியில் ஒன்று, வெருகலில் ஒன்று. மகாவலி கடலில் சேரும் இடத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு நீரைக் கடக்காமல் வாழ்க்கை இல்லை. மூதூர்க்காரர் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே லோஞ்சில் கடந்து நகரத்துக்கு வருவார். கிண்ணியாக்காரர் பாதைக்காக வரிசையில் நிற்பார். நோயாளியோடு நின்றவர்களின் கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் ஒக்டோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி நிதியில் கட்டப்பட்ட அதன் நீளம் 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று சொல்லப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சு உதவியோடு ஏ15இன் ஏனைய துறைகளுக்கும் பாலம் வந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் மண்முனைப் பாதை 2014இல் ஜப்பானிய உதவிப் பாலத்துக்கு இடம் கொடுத்தது.

ஆகவே 2021இல் கிண்ணியாவில் ஒரு பாதை கவிழ்ந்தது என்ற செய்தி வந்தபோது பலருக்கு முதலில் ஏற்பட்டது துயரம் அல்ல, வியப்பு. 'இப்பவுமா பாதை?' என்ற கேள்வி. பெருவீதியின் துறைகளுக்குப் பாலம் வந்துவிட்டது, உள்ளூர் வழிகளின் துறைகள் அப்படியே கிடந்தன. தேசியக் கவனம் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். உள்வீதிக்குக் கவனம் கொண்டுவர வேறொரு அடுக்கு வேண்டும். அந்த அடுக்கு சட்டத்தில் இருக்கிறது.

'பாலங்களும் அவற்றின் மீதான துறைகளும்'

1987இன் 13ஆவது திருத்தம் அரசியலமைப்புக்கு ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. மாகாணங்களுக்கு உரியவை என்ற பட்டியலில் பொலிசும் பொது ஒழுங்கும் முதலில் வருகிறது. அது இன்றுவரை நடைமுறையில் கைமாறவில்லை, அதைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேசியாயிற்று. அதே பட்டியலில் கீழே ஒரு வரி உண்டு, அரசியல் மேடைகளில் யாரும் உச்சரிக்காத வரி: மாகாணத்துக்குள் உள்ள வீதிகள், பாலங்கள், அவற்றின் மேலான படகுத்துறைகள். விலக்கு ஒன்றே ஒன்று. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் துறைகளும் மத்திய அரசுக்கு. உள்ளூராட்சியும் மாகாணப் பட்டியலில்தான்.

இதை வாசித்ததும் எனக்கு உறைத்தது இதுதான். களப்புப் பாதை யாருடையது என்பதை வீதியின் வகை தீர்மானிக்கிறது. தேசிய வீதி என்றால் கொழும்பு, மற்றதென்றால் மாகாணம். குறிஞ்சாக்கேணியில் பாலத்தைக் கட்டியது வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதாவது மத்திய நிறுவனம். இடைக்காலத்தில் ஓடிய பாதைக்கு அனுமதி வந்தது நகர சபையிலிருந்து, அதாவது மாகாணத்தின் கீழுள்ள உள்ளூராட்சியிலிருந்து. பாலம் ஒரு கையில், பாலம் இல்லாத இடைவெளி இன்னொரு கையில். இரண்டு கையும் ஒன்றையொன்று தொடவில்லை.

விபத்து நடந்த அன்றே பாராளுமன்றத்தில் இது எழுந்தது. முந்திய நாள்தான் 2022 வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு முடிந்து, 23ஆம் திகதி குழுநிலை விவாதம் தொடங்கியிருந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: அனுமதி கொடுத்தது யார்? பாதையை நடத்தியவர்கள் கைதானார்கள். ஓரிரு நாளில் நகர சபைத் தவிசாளரும் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார். அனுமதி என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிட்டது போல இருந்தது.

எனக்கு அந்தக் கேள்வி போதவில்லை. அனுமதி கொடுத்தது தவறு என்றால், கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிள்ளைகள் சின்னத் தோணிகளில் போயிருப்பார்கள், அனுமதி இல்லாத இன்னொரு பாதை வந்திருக்கும். தேவை அங்கேயே இருந்தது. தேவைக்கு விடை சொல்லாமல் அனுமதியை மட்டும் விசாரிப்பது, குடிநீர் இல்லாத ஊரில் கிணற்றுக்காரரை மட்டும் பிடித்துவைப்பதைப் போன்றது. நகர சபையின் பொறுப்பை இது குறைக்காது. காசு வாங்கி ஆளேற்ற அனுமதித்தவர் அந்த மிதவை எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பழைய வழியை மூடும் நாளில் மேசையில் இருந்திருக்க வேண்டிய கேள்வி: பாலம் வரும்வரை மக்கள் எதில் போவார்கள்?

வீதி வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாலம் ஒன்றை உடைத்துக் கட்டும் ஒப்பந்தத்தில் தற்காலிக வழிக்கென்று ஓர் உருப்படி வைப்பது வழக்கம்தான். மண் நிரப்பிய மாற்றுவழி, இரும்புப் பெய்லி பாலம், நடைபாலம், ஒன்றுமில்லாவிட்டால் கண்காணிப்போடு கூடிய படகுச் சேவை. அந்த உருப்படி மதிப்பீட்டில் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு தொகை, யார் மேற்பார்வை என்று கேட்பதற்கு எந்த விசேட அதிகாரமும் வேண்டாம். கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஆளில்லாத அவை

அப்படிக் கேட்பதற்கென்றே ஓர் அவை திருகோணமலை நகரத்திலேயே இருந்தது. கிழக்கு மாகாண சபை. 37 உறுப்பினர்கள், அதில் திருகோணமலை மாவட்டத்துக்குப் பத்துப் பேர். முதல் தேர்தல் 2008இல், இரண்டாவது 2012இல். 2012இல் முதலமைச்சராக வந்தவர் நஜீப் ஏ. மஜீத், கிண்ணியாக்காரர். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி சபையின் காலம் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றச் சட்டம் வந்தது. அந்த முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதோடு தேர்தல் தொங்கிப்போனது. அதன் பிறகு மாகாணத்தை நடத்துவது ஆளுநரும் அதிகாரிகளும்.

ஆக, 2021இல் அந்தப் பாதை ஓடியபோது துறைகளுக்குப் பொறுப்பான அடுக்கில் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை. அமைச்சு இருந்தது, செயலாளர் இருந்தார், திணைக்களம் இருந்தது. கேள்வி கேட்கும் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது.

சபை இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பொய். அதற்கு 2017ஆம் ஆண்டே சாட்சி. அந்த மார்ச் மாதத்தில் டெங்கு கிண்ணியாவைப் பிடித்து உலுக்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆதார வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை, பாடசாலைகளை நாட்கணக்கில் மூடினார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு நோய் பதிவாகி, 440 பேர் இறந்தனர். முதலில் எரிந்தது கிண்ணியா. அப்போது மாகாண சபை உயிரோடுதான் இருந்தது, அந்த வைத்தியசாலை மாகாணத்தின் கீழ்தான் இருந்தது. ஆனாலும் நுளம்பு சபையைக் கேட்டு வரவில்லை.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. டெங்கு நாட்களில் கோபப்பட்ட மக்களுக்குப் போவதற்கு ஒரு முகவரி இருந்தது. மாகாண சுகாதார அமைச்சு, முதலமைச்சர், சபையில் தங்கள் ஊர் உறுப்பினர். கிண்ணியாவிலிருந்து அந்த முகவரிக்கு பஸ்ஸில் போய்வரலாம். நான்கு வருடம் கழித்துப் பாதை கவிழ்ந்தபோது மிஞ்சிய முகவரிகள் இரண்டு. ஒன்று நகர சபை, மிகக் கீழே. மற்றது சுமார் 260 கிலோமீற்றர் தள்ளி ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயில் இருக்கும் பாராளுமன்றம், மிக மேலே. நடுவில் படி இல்லை.

அன்று கிண்ணியாவில் ஆத்திரம் வீதிக்கு வந்தபோது ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்குக் கல் விழுந்தது. அவர் ஆளுங்கட்சியில் தெரிவானவர்கூட அல்ல. 2020 தேர்தலில் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டு, பொதுஜன பெரமுனவுக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. நால்வரில் இருவர் கிண்ணியா மண்ணைச் சேர்ந்தவர்கள், இருவரும் எதிர்க்கட்சிப் பட்டியலில் தெரிவானவர்கள். பாலத்தைக் கட்டுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இல்லை. கல்லெறிந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஊரில் வீடு கிடையாது, எம்.பி.க்குத்தான் வீடு இருக்கிறது. கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அது ஏன் அந்த வாசலுக்குப் போனது என்று மட்டும் சொல்கிறேன்.

எம்.பி.யின் பையில் என்ன இருக்கிறது

நம்மூரில் எம்.பி. என்றால் வேலை எடுத்துத் தருபவர், இடமாற்றத்துக்குக் கடிதம் தருபவர், அடிக்கல் நாட்ட வருபவர். இந்தப் பழக்கத்தை அவர்கள் மட்டும் வளர்க்கவில்லை, நாமும்தான். கலியாண வீட்டுக்கு வராத உறுப்பினரைத் திட்டுகிற அளவுக்கு, வாய்மூல விடைக்கான வினா ஒன்றுகூடக் கேட்காத உறுப்பினரை நாம் திட்டுவதில்லை. பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டை யார் வாசிக்கிறார்கள்?

ஆனால் பையில் கருவிகள் இருக்கின்றன. எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் இருக்கின்றன.

முதலாவது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் அதன் கீழ் பிரதேச மட்டக் குழுவும். அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், திணைக்களத் தலைவர்கள், பொலிஸ், கடற்படைப் பிரதிநிதி எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான். கூட்டம் பாதி நேரம் கூச்சலில் போகும், போனவர்களுக்குத் தெரியும். யானை வேலி, மணல் அகழ்வு, மேய்ச்சல் தரை, சட்டவிரோத மீன்பிடி என்று ஒவ்வொன்றும் சண்டையாகி, தேநீர் வந்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படும். ஆயினும் அங்கே கூட்டக் குறிப்பு ஒன்று எழுதப்படுகிறது. 'குறிஞ்சாக்கேணித் தற்காலிகப் பயண ஒழுங்குக்குப் பொறுப்பான அதிகாரி யார்' என்று ஒருவர் கேட்டு, பதில் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அதன்பின் அந்த அதிகாரியால் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத்தில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் கோப்பு தானாக நகரத் தொடங்கும். அரச அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது பாராளுமன்ற வினா. எழுத்தில் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் வர நாளாகும். வந்த அன்று அமைச்சர் எழுந்து இன்னும் சில வாரம் அவகாசம் கேட்பார், இது வழமை. அவசரத்துக்கு உதவாது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் வினாவின் பயன் அமைச்சரின் பதிலில் மட்டும் இல்லை. வினா அமைச்சுக்குப் போனதும் அது அதிகார சபைக்குப் போகும், அங்கிருந்து மாகாணப் பணிப்பாளருக்கு, அங்கிருந்து களப் பொறியியலாளருக்கு. பதில் எழுத வேண்டியவர் முதன்முறையாகக் களப்பங்கரைக்குப் போய்ப் பார்ப்பார். அந்தப் போய்ப் பார்த்தல்தான் எனக்கு முக்கியம். பாராளுமன்றம் பார்க்கிறது என்ற பயம் ஒரு பொறியியலாளரை ஒரு நாள் காலை ஏழரை மணிக்குத் துறையில் நிற்க வைத்துவிட்டால் அதுவே பாதி வெற்றி.

அவசரமென்றால் ஒரு விடயத்தைச் சபையில் விவாதிக்க ஒத்திவைப்புப் பிரேரணை உண்டு, கட்சித் தலைவர்கள் அவசர வினா எழுப்ப நிலையியற் கட்டளை 27(2) உண்டு. ஊர் மக்கள் எழுதிய மனுவை உறுப்பினர் சபையில் சமர்ப்பித்தால் அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். அந்தக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். இவற்றைப் பற்றி நீட்டவில்லை.

மூன்றாவது பணம். பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒதுக்கும் தொகை. கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி, கழகங்களுக்குப் பந்தும் துடுப்பும் என்று அது போகும். பிழையென்று சொல்லவில்லை, ஊர் கேட்கிறது, அவர் கொடுக்கிறார். ஆனால் முப்பது உயிர்காப்பு அங்கியின் விலை சில கூடாரங்களின் விலையைத் தாண்டாது. நாம் அதைக் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று, இது எம்.பி.க்கு மட்டும் உரியதல்ல. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பாலத்தின் ஒப்பந்தத்தில் தற்காலிக வழிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு ஓர் ஆசிரியரோ மீனவர் சங்கமோ விண்ணப்பம் கொடுக்கலாம். வந்த பதிலை உறுப்பினர் கையில் கொடுத்தால் அவர் சபையில் எழுந்து பேசுவதற்குக் கடுதாசி கையில் இருக்கும். நம் பிரதிநிதிகளின் பேச்சுகள் பல வேளை உணர்ச்சியில் நிறைந்து தகவலில் வறண்டு போவதற்கு அவர்கள் மட்டும் காரணம் அல்ல. கொழும்பு அமைச்சருக்குப் பின்னால் ஒரு வரிசை அதிகாரிகள் குறிப்போடு உட்கார்ந்திருப்பார்கள். திருகோணமலை எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கடற்படைப் படகு

விபத்துக்குச் சில நாட்களுக்குள் கடற்படை அந்தத் துறையில் ஆட்களை ஏற்றி இறக்கத் தொடங்கியது. ஒழுங்கான படகு, பயிற்சி பெற்ற ஓட்டிகள், உயிர்காப்பு அங்கி. கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் இருப்பதே திருகோணமலையில்தான். படகும் ஆளும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று அர்த்தம்.

இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை உறுத்துவது இந்த ஒன்றுதான். கடற்படை செய்ததில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகள் இறந்தபின் சில நாட்களில் முடிந்த ஒரு காரியம், அதற்கு முந்திய மாதங்களில் ஏன் முடியவில்லை? பணம் இல்லை என்பது காரணம் அல்ல. தொழில்நுட்பம் இல்லை என்பதும் அல்ல. சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதும் அல்ல. கேட்டு வாங்குவதை யாருடைய வேலையாகவும் யாரும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு நாடே பொருளாதாரத்தில் கவிழ்ந்தது. எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் வழியில்லாத 2022இல் பாலங்களும் வீதிகளும் நாடு முழுவதும் அரைகுறையாக நின்றன. குறிஞ்சாக்கேணிப் பாலமும் அவற்றில் ஒன்று. இத்தனை பேரைப் பலிகொடுத்த இடத்திலேயே தூண்கள் ஆண்டுக்கணக்கில் நீரில் நின்றன. பாலம் முடியும் என்று சொல்லப்பட்ட திகதி ஒன்றும், தற்காலிக ஒழுங்கு தாங்கும் காலம் ஒன்றுமாக இருந்தால், முதலாவது தள்ளிப்போகும்போது இரண்டாவதையும் யாராவது திருத்தி எழுத வேண்டும். அதுவும் கேட்டு வாங்க வேண்டிய விடயம்தான், ஒருமுறை கேட்டுவிட்டு ஓய முடியாது.

2024 பாராளுமன்றத் தேர்தலுக்குப் பின் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டு ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தியிடம் இருக்கின்றன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். மேலேயும் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நடுப்படி இன்னும் வெறுமை. மாகாண சபைத் தேர்தல் வரும்வரை அந்த வேலையையும் சேர்த்துத் தலையில் தூக்க வேண்டியவர்கள் இந்த நால்வர்தான், கட்சி எதுவானாலும்.

அவர்களில் யாராவது ஒருவருக்கு உதவட்டும் என்று வாய்மூல விடைக்கான வினா ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். ஹன்சாட்டில் வரும் வடிவத்திலேயே.

போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சரைக் கேட்பதற்கு:

(அ) (i) திருகோணமலை மாவட்டத்தில் பாலவேலைகள் காரணமாகவோ பாலம் இன்மையாலோ பொதுமக்கள் படகு அல்லது பாதை மூலம் நீரைக் கடக்கும் இடங்கள் எவை என்பதையும்;
(ii) அவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குக் கடக்கும் பாடசாலை மாணவர்களின் எண்ணிக்கை யாது என்பதையும்;
(iii) அப்படகுகளைக் கடைசியாகப் பரிசோதித்த திகதியும் பரிசோதித்த அதிகாரியின் பதவியும் யாவை என்பதையும்
அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) பாலமொன்றை அகற்றுவதற்கு முன்னர் தற்காலிகப் பயண ஒழுங்கைப் பூர்த்தி செய்வதை ஒப்பந்த நிபந்தனையாக்க நடவடிக்கை எடுப்பாரா என்பதை அவர் குறிப்பிடுவாரா?

(இ) இன்றேல், ஏன்?